கியூவின் குணம் முன் ஒரு சாணில்

புனலூரில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் செங்கோட்டைக்கு வந்துபோகும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது: “அண்ணாச்சி, ஒரு வருடமாகக் கிளப்பில் கிடக்கும் கியூவை வைத்துத்தான் பூல் ஆடுகிறேன். இப்போது ₹20,000 சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லா அடிக்கும் ஒரே கியூ போதுமா? பிரேக் அடிக்க ஒன்று, ஜம்ப் அடிக்க ஒன்று என்று தனித்தனியாக வாங்க வேண்டுமா? வாங்கிய பிறகு அதில் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள முடியும்?” பூல் என்பது மேசைமேல் கியூ என்ற கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம்; அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி பிரேக், குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்டிக் குதிக்கவைக்கும் அடி ஜம்ப். நான் மரக் கடைசல் பட்டறை வைத்திருப்பவன். 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கியூக்களுக்கு டிப் எனும் நுனித் தோலை மாற்றுவதும், இரண்டு பாதிகளையும் பூட்டும் ஜாயின்ட்டைச் சரிசெய்வதும், பின்கட்டை கடைந்து கொடுப்பதும் என் வேலையோடு வேலையாக நடந்து வருகிறது. தினமும் ஆடவும் செய்கிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில்: இரண்டு கியூ வேண்டும். ஆடுவதற்கு ஒன்று, பிரேக் அடிக்க ஒன்று. ஜம்ப் கியூவை ஒரு வருடம் கழித்து யோசித்தால் போதும். ஆடும் கியூவை வாங்கும்போது அதன் பின்பக்கத்து வேலைப்பாட்டைப் பார்க்காமல், முன்பக்கத்து ஒரு சாண் நீளத்தைப் பாருங்கள். டிப், அதைத் தாங்கும் ஃபெரூல் என்ற சிறு உறை, அதற்குப் பின்னால் வரும் ஷாஃப்டின் (கியூவின் முன்பாதியின்) மெல்லிய பகுதி ஆகிய மூன்றும் சேர்ந்த அந்த ஒரு சாண்தான் பந்தோடு பேசுகிறது. மற்றதெல்லாம் உங்கள் கைக்கும் உடம்புக்கும் தோதாக இருக்க வேண்டியவை. அதில் குறை இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் வேகம், திசை, சுழற்சி எல்லாமே முடிவாகிவிடுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கியூவின் நுனி வெறும் மரமாகத்தான் இருந்தது. நடுவைவிட்டுச் சற்று விலகினாலும் வழுக்கிவிடும். பிரெஞ்சுப் படை அதிகாரியாக இருந்து சிறைப்பட்ட ஃபிரான்சுவா மிங்கோ என்பவர் 1807ஆம் ஆண்டு வாக்கில் நுனியில் தோலை ஒட்டி ஆடிக் காட்டிய பிறகே பந்தைச் சுழற்றி ஆடும் கலை வளர்ந்தது. நாம் இன்று டிப்பில் தேய்க்கும் சாக் கட்டி, பெயருக்குத்தான் சாக். 1897இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வில்லியம் ஹாஸ்கின்ஸும் காப்புரிமை பெற்ற கலவை, சுண்ணாம்புக் கட்டியை விட்டுவிட்டு சிலிக்கா போன்ற சொரசொரப்பான துகள்களை நம்பியது. தோலின் பிடிப்பும் சாக்கின் சொரசொரப்பும் சேர்ந்துதான் டிப்பை வழுக்காமல் நிறுத்துகின்றன. அவை இரண்டும் சரியாக இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. பூல் பந்தின் குறுக்களவு 57.15 மி.மீ.; மையத்திலிருந்து அதன் ஆரத்தில் பாதி, அதாவது சுமார் 14 மி.மீ. தள்ளி அடிக்கும்வரை டிப் பிடிக்கும். அதைத் தாண்டினால் எவ்வளவு விலை உயர்ந்த டிப்பும் வழுக்கும்.

மென்மையான டிப் போட்டால் சுழற்சி அதிகம் வரும் என்று எல்லாக் கிளப்பிலும் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் அடித்தால் மென்மையான டிப்பும் கடினமான டிப்பும் தரும் சுழற்சியில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மென்மையான தோலில் சாக் நன்றாக நிற்கிறது. அடிக்கும்போது கைக்கு வரும் உணர்வு மெத்தென்று இருக்கிறது. அந்தத் தைரியத்தில் ஆடுபவர் பந்தின் ஓரத்துக்குத் துணிந்து போகிறார். சுழற்சி அந்தத் துணிவிலிருந்து வருகிறது. அதற்குப் பதிலாக மென்மையான டிப் சீக்கிரம் அமுங்கி, விளிம்பு காளான் குடைபோலப் பிதுங்கும். சாரல் மாதங்களில் ஈரம் குடித்து இன்னும் தளரும். எனவே நம் பக்கத்துக்கு நடுத்தரக் கடினமுள்ள, பல அடுக்காக ஒட்டிய பன்றித்தோல் டிப்பையே நான் பரிந்துரைப்பேன். அடுக்கில்லாத ஒற்றைத் தோல் டிப் விலை குறைவு, சிலது மிக நன்றாகவும் அமையும். ஆனால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு டிப்புகள் இரண்டு குணமாக இருக்கும். அடுக்கு டிப்பில் அந்த நிச்சயமின்மை குறைவு.

டிப்பின் வளைவை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை டிப்புக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தி, இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு வளைவும் ஒன்றாகப் பொருந்தினால் அளவு சரி. ஓரங்களில் நாணயம் வெளியே தெரிந்தால் டிப் அதிகமாகக் கூம்பியிருக்கிறது, டிப்பின் ஓரங்கள் நாணயத்தின் வளைவைத் தாண்டி நின்றால் தட்டையாகிவிட்டது என்று பொருள். தட்டையான டிப்பில் ஓரமாக அடிக்கும்போது பந்தை முதலில் தொடுவது டிப்பின் விளிம்புதான். அங்கேதான் மிஸ்கியூ, அதாவது டிப் வழுக்கிப் போகும் தவறான அடி, பிறக்கிறது.

டிப் மாற்றுவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தால் நீங்களே செய்துகொள்ளலாம். பழைய டிப்பைக் கூர்மையான பிளேடால் ஃபெரூல் வரை சீவி எடுக்க வேண்டும். ஃபெரூலின் முகத்தில் காய்ந்த பசையின் சிறு துணுக்குகூட இருக்கக் கூடாது. உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்து, ஷாஃப்டை நட்டுக்குத்தாகப் பிடித்து, சுற்றிச்சுற்றி மெல்லத் தேய்த்தால் முகம் ஒரே மட்டமாகும். புதிய டிப்பின் அடிப்பகுதியையும் அதே தாளில் நாலு இழுப்பு இழுத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு ஃபெவிக்விக் வகைப் பசையில் ஒரு சொட்டு போதும். இரண்டு சொட்டு விட்டால் தோல் அதைக் குடித்துக் கல்லாகிவிடும். டிப்பை வைத்து, ஷாஃப்டைத் தலைகீழாகத் திருப்பி, தரையில் நேராக ஊன்றி ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஒட்டியதும் விளிம்பில் மிஞ்சியிருப்பதை ஃபெரூலின் அளவுக்குச் சீவி, வளைவு கொடுத்து, பக்கவாட்டில் எச்சில் தொட்டு ஒரு பழைய தோல் துண்டால் விடாமல் தேய்த்தால் அது கண்ணாடிபோல் பளபளப்பாகி இறுகும். அப்படி இறுகிய பக்கம் எளிதில் பிதுங்காது. கடைசியாக மேசையில் பந்தை மெல்ல அடித்துப் பார்க்க வேண்டும். நன்றாக ஒட்டிய டிப்பில் சத்தம் ஒரே சுருதியாக, ‘டக்’ என்று நிற்கும். அடியில் எங்காவது காற்றிடை இருந்தால் ‘கிளிக்’ என்று கூடவே ஒரு சின்ன ஒலி வரும். அந்த ஒலி வந்தால் தயங்காமல் பிரித்து மறுபடி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது ஷாஃப்ட். பந்தின் வலப்பக்கத்தில் டிப்பை வைத்து அடித்தால், பந்து நீங்கள் குறிவைத்த கோட்டில் போகாமல் சற்று இடப்பக்கம் விலகிப் போகும். ஷாஃப்டின் நுனியில் இருக்கும் எடை பந்தைப் பக்கவாட்டில் தள்ளுவதே இதற்குக் காரணம். நுனி கனமாக இருந்தால் விலகல் அதிகம். நுனி லேசாக இருந்தால் குறைவு. குறைந்த விலகல் கொண்டவை என்று விற்கப்படும் ஷாஃப்டுகளில் நுனிப்பகுதியைக் குடைந்து உள்ளே வெற்றிடமாக்கியோ, ஃபெரூலைச் சிறிதாக்கியோ, மரத்துக்குப் பதில் கார்பன் ஃபைபர் குழாய் வைத்தோ இந்த எடையைக் குறைக்கிறார்கள். மரம் வளைந்துகொடுப்பதால்தான் விலகல் குறைகிறது என்று சிலர் எண்ணுவது முழு உண்மை அன்று. நுனி எடையே முக்கியம். வழக்கமான மேப்பிள் ஷாஃப்ட் நுனியில் 12.5 முதல் 13 மி.மீ. இருக்கும், குறைந்த விலகல் ஷாஃப்டுகள் 11.8 மி.மீ. வரைகூட வருகின்றன.

இந்த விலகலை வைத்துத்தான் ஆடும் கியூவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், கடையில் செய்ய வேண்டிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். வெள்ளைப் பந்துக்கும் குறிப்பந்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நேர்கோட்டில் வையுங்கள். நடு மையத்துக்குக் குறிவைத்து நில்லுங்கள். மேசைமேல் ஊன்றிய இடக்கையை அசைக்காமல், பின்கையை மட்டும் நகர்த்தி டிப்பைப் பந்தின் ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய், சற்று வேகமாக நேரே தள்ளி அடியுங்கள். இடக்கை சரியான தூரத்தில் இருந்தால் கியூ சாய்ந்த சாய்வும் பந்தின் விலகலும் ஒன்றையொன்று கழித்துவிடும். வெள்ளைப் பந்து குறிப்பந்தை முழுமுகமாக அடித்து, அந்த இடத்திலேயே நின்று பம்பரம்போல் சுழலும். அப்படி நடக்கும்வரை இடக்கையை முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் அந்தத் தூரம் வேறு. விலகல் குறைந்த ஷாஃப்டில் அது நீளும். உங்கள் இயல்பான இடக்கைத் தூரத்தோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் கியூவைப் பற்றிச் சொல்லும்போது இது மீண்டும் வரும்.

இங்கே நம் ஊர் நிலையைச் சொல்லியாக வேண்டும். தென்காசி வட்டாரத்திலும் மலைக்கு அப்பாலும் பல கிளப்புகளில் ஸ்னூக்கர் மேசையும் பூல் மேசையும் ஒரே கூடத்தில் கிடக்கின்றன. பையன்கள் ஒரே கியூவை எடுத்து இரண்டையும் ஆடுகிறார்கள். ஸ்னூக்கரின் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் ஸ்னூக்கர் கியூ பூலுக்குத் துணை நிற்காது. ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. அளவே உள்ளது, எடையும் குறைவு. அதற்கான கியூ ஆஷ் மரத்தில், பித்தளை ஃபெரூலோடு, 9 முதல் 10 மி.மீ. நுனியோடு வருகிறது. அந்த மெல்லிய நுனியால் கனமான பூல் பந்தைத் தினமும் ஓங்கி அடித்தால் டிப் சிதையும், நாளடைவில் ஃபெரூலும் ஆட்டம் காணும்.

இனி பிரேக். ஆடும் கியூவால் பிரேக் அடிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், நீங்கள் பொறுமையாக வளைவு கொடுத்த டிப் நாலு பிரேக்கில் தட்டையாகிவிடும் என்பதே. இரண்டாவது காரணம் வேகம். பந்தின் எடை 170 கிராம், கியூவின் எடை 540 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கியூ நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்து மோதினால், சாதாரணத் தோல் டிப்பில் வெள்ளைப் பந்து நொடிக்கு ஏறத்தாழ 7.9 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஃபீனாலிக் எனப்படும் கெட்டிப் பிசின் டிப்பில் அதே அடி ஏறத்தாழ 8.4 மீட்டராகும். டிப்பை மாற்றியதால் மட்டும் 6 அல்லது 7 விழுக்காடு கூடுகிறது. அதே தோல் டிப்பை வைத்துக்கொண்டு கியூவை 600 கிராமாகக் கனப்படுத்தினால் என்ன கிடைக்கும்? கை அதே வேகத்தில் வீசினாலும் 8.1 மீட்டர்தான். கனத்தால் கையின் வேகம் நொடிக்கு வெறும் 15 செ.மீ. குறைந்தாலே அந்த லாபம் முழுவதும் போய்விடும். பிரேக்குக்குக் கனமான கியூ வேண்டும் என்று இங்கே பலர் ஈயத்தை உருக்கி ஊற்றித் தரச் சொல்கிறார்கள். நான் அவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். ஆடும் கியூவின் எடையிலோ அதைவிட ஒரு அவுன்ஸ் குறைவாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் கியூவுக்கு விலை உயர்ந்த குறைந்த விலகல் ஷாஃப்ட் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஓங்கி அடிக்கும்போது பின்கை கொஞ்சமாவது விலகத்தான் செய்யும். டிப் மையத்தைவிட்டு இரண்டு மி.மீ. தள்ளி விழும். மேலே சொன்ன சோதனையில், இடக்கைத் தூரமும் ஷாஃப்டின் இயல்பும் ஒத்துப்போனால் சாய்வும் விலகலும் கழிந்துவிடும் என்று பார்த்தோம். பிரேக்கில் நம் இடக்கை பொதுவாகப் பந்திலிருந்து 25 முதல் 30 செ.மீ. பின்னால் இருக்கிறது, சாதாரண கெட்டி மேப்பிள் ஷாஃப்டுகளில் பலவற்றுக்கு அந்தத் தூரமே பொருந்துகிறது. அதனால் கை பிசகினாலும் வெள்ளைப் பந்து அடுக்கின் முன்பந்து முகத்துக்கே போய்ச் சேரும். 13 மி.மீ. நுனியுள்ள எளிய கியூ ஒன்றை வாங்கி, அதில் ஃபீனாலிக் டிப் ஒட்டிக்கொண்டால் அருமையான பிரேக் கியூ கிடைத்துவிடும். ஃபீனாலிக் டிப்பில் சாக் அவ்வளவாக நிற்காது, ஆகவே அதன் முகத்தை அவ்வப்போது உப்புத்தாளால் லேசாகக் கீறி வைக்க வேண்டும். சில போட்டிகளில் பிரேக்குக்கு இந்த டிப்பை அனுமதிப்பதில்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மிகக் கடினமான தோல் டிப் பொருத்திய ஷாஃப்ட் உதவும்.

ஜம்ப் கியூ எடை குறைந்ததாகவும் குட்டையாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. மேலிருந்து சாய்வாகக் குத்தும்போது பந்து மேசையில் அழுந்தி எழும்பும்; அந்த நேரத்தில் கியூ பின்வாங்கிவிட வேண்டும். கனமான கியூ பின்வாங்காமல் பந்தின்மேலேயே நின்று அதை அமுக்கிவிடும். சர்வதேச விதிப்படி கியூவின் நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஜம்ப் கியூக்கள் அந்த எல்லையை ஒட்டியே வருகின்றன. டிப் கெட்டியாக இருக்க வேண்டும். இப்போது விற்கும் பல பிரேக் கியூக்களில் பின்கட்டையை நடுவில் கழற்றி முன்பாதியை மட்டும் ஜம்ப்புக்குப் பயன்படுத்தும் வசதி இருக்கிறது; தம்பியின் தொகைக்கு அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது. கியூவை நட்டுக்குத்தாகத் தூக்கிப் பந்தை வளைத்து அடிக்கும் மாசே அடிக்கு இதற்கு நேர்மாறாக முழு எடையும் நன்றாகச் சாக் பிடிக்கும் டிப்பும் வேண்டும். அதற்கு ஆடும் கியூவே போதும்.

எடை, சமநிலை, பிடி ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழக்கமான பூல் கியூ 58 அங்குல நீளம், 18 முதல் 21 அவுன்ஸ் எடை. விதி அனுமதிக்கும் உச்ச எடை 25 அவுன்ஸ். பெரும்பாலான கியூக்களில் பின்னாலிருக்கும் ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடை போல்ட் இருக்கும். அல்லன் சாவியால் அதை மாற்றி ஒன்றிரண்டு அவுன்ஸ் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் போல்டை மாற்றினால் எடையோடு சமநிலைப் புள்ளியும் நகரும். விரல்மேல் வைத்துப் பார்க்கும்போது பின்முனையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. தூரத்தில் கியூ நின்றால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது. உள்ளங்கை வியர்ப்பவர்கள் லினன் நூல் சுற்றிய பிடியை எடுங்கள். ஜாயின்ட் எந்த வகையாக இருந்தாலும் ஆட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் பின்னாளில் வேறு ஷாஃப்ட் வாங்கும்போது திருகின் அளவு பொருந்த வேண்டும், எனவே பலரும் பயன்படுத்தும் அளவாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பின்கட்டையை ஈட்டி மரத்தில் கடைந்து தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் பலர். ஈட்டி மேப்பிளைவிடக் கனமானது, கையில் குளிர்ச்சியாக உட்காரும், அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் புதிதாக வெட்டிய மரத்தை நான் தொடுவதில்லை. ஈட்டியை வெட்டுவதில் சட்டச் சிக்கல்கள் உண்டு என்பது ஒன்று; உலராத மரம் ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும் என்பது இன்னொன்று. புளியரைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த கட்டில் காலிலிருந்து ஒரு பின்கட்டை கடைந்தேன். கடைசல் இயந்திரத்தில் மேல்கருப்பு உரிந்ததும் உள்ளே ஊதாவும் பழுப்புமாக ரேகைகள் எழுந்தன. பட்டறை முழுக்க ஈட்டியின் இனிய வாசனை. தலைமுறைகளாக உலர்ந்த கட்டை அது, இன்றுவரை மயிரிழை வளையவில்லை. ஷாஃப்டுக்கு மட்டும் நம் தேக்கையோ ஈட்டியையோ பயன்படுத்த வேண்டாம். அதற்கு நேர்த்தியான ரேகையுள்ள கெட்டி மேப்பிளே சரி.

கடைசியாக, இந்த எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று. பங்குனியில் புனலூர் வெயில் மரத்தின் ஈரத்தை உறிஞ்சும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று அதே மரத்துக்கு ஈரத்தைத் திருப்பி ஊட்டும். மரம் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் வளைந்துவிடும். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. ஒரு சாரல் பருவத்தில், நனைந்த உறையோடு என் கியூவைச் சுவரில் சாய்த்துவிட்டு ஊருக்குப் போனேன். எட்டு நாள் கழித்து வந்து மேசைமேல் உருட்டியபோது ஷாஃப்டின் நடுப்பகுதி தூக்கித்தூக்கி இறங்கியது. 10 ஆண்டுகள் கூட இருந்த ஷாஃப்ட் அது. ஈரம் உள்ளே புகாத கெட்டிப் பெட்டி ஒன்று வாங்கி, மருந்துப் புட்டியில் வருவதுபோன்ற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அதில் போட்டு வையுங்கள். ஷாஃப்டை நீரால் துடைக்காதீர்கள், உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் அதன் அளவு குறைகிறது. உலர்ந்த மென்துணியால் கை சூடேறும்வரை உருவினாலே அழுக்கு வந்துவிடும். வெயிலில் நிற்கும் காரிலோ, பேருந்தின் எஞ்சின் மூடிமேலோ பெட்டியை வைக்காதீர்கள்.

ஆகவே தம்பி, ₹20,000இல் மூன்றில் இரண்டு பங்கை ஆடும் கியூவுக்கு ஒதுக்குங்கள். மீதியில் எளிய பிரேக் கியூ, ஃபீனாலிக் டிப், கெட்டிப் பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள். கடையில் ஷாஃப்டைத் தனியாக உருட்டிப் பாருங்கள், பிறகு பின்கட்டையோடு பூட்டி உருட்டுங்கள். இரண்டும் தனித்தனியே நேராக இருந்து பூட்டியபின் ஆடினால் ஜாயின்ட் முகம் கோணல், அதை வாங்க வேண்டாம். டிப்பின் வளைவை ஒரு ரூபாய் நாணயத்தால் பார்த்துவிட்டு, விலகல் சோதனையைக் குறைந்தது மூன்று கியூக்களில் செய்யுங்கள். வாங்கியதும் முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாமல் ஆடுங்கள். அதற்குப் பிறகும் கை எங்காவது உறுத்தினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கியூவோடு பட்டறைக்கு வாருங்கள். போல்டையும் டிப்பையும் சேர்ந்து பார்ப்போம்.